உவர்ப் பாத்தி

ஆடி பிறந்தால் துலுக்காணம் செய்கிற முதல் காரியம், கீரை விதைக்க வரச்சொல்லிச் செம்பாக்கத்தில் இருக்கும் தங்கை ரேணுகாம்பாளுக்குப் போன் போடுவதுதான். பேச்சு வருஷா வருஷம் ஒன்றே. அவர் மகள் ஜெயப்ரியாவுக்கு அது மனப்பாடம்.

"ரேணு, மொத ஞாயித்துக்கெழம போட்டுடலாமா?"

"போட்டுடலாம்ணே. பாத்தி கட்டிட்டியா?"

"கட்டியாச்சு. நீ வந்து கைய வெச்சா போதும்."

"அண்ணிகிட்ட சொல்லு, கொழம்புக்கு நெத்திலிக் கருவாடு. போன தபா வாள போட்டு வாய் நாறிப் போச்சு."

இந்த வருஷமும் கிணற்று மேட்டில் நின்றுகொண்டு போட்டார். காது கொஞ்சம் மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். வாசலில் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்த ஜெயப்ரியாவுக்கு எல்லாம் கேட்டது.

"ரேணு, மொத ஞாயித்துக்கெழம போட்டுடலாமா?"

அந்தப் பக்கம் எங்கேயோ குக்கர் விசில் மட்டும் கேட்டது.

"முட்டி வலிக்கிதுண்ணே. இந்த தபா நீங்களே போட்டுக்கங்க."

"ஆட்டோ வெச்சிக்கினு வா. இல்லன்னா நான் வந்து இட்டாரட்டா?"

"வாணாம்ணே. பிரியாதான் மேப்பு போட்டு வெச்சிகீதே. எங்க இன்னா போடணும்னு அதுலயே கீதாமே. என் கை எதுக்கு?"

கோபமாகச் சொல்லியிருந்தால் கூடத் தேவலை. அத்தை அதைச் சாதாரணமாக, பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னாள். துலுக்காணம் போனைச் சட்டைப் பையில் போட்டார். மகள் பக்கம் திரும்பாமல் வீட்டைப் பார்த்துச் சொன்னார்.

"முட்டி வலியாம்."

"கோயில்ல பந்தக்கால் நட்டப்ப நல்லாத்தான நின்னுக்கினு இருந்தா," என்றாள் உள்ளே இருந்து எல்லம்மா.

ஜெயப்ரியா டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். முட்டிக்கு ஒன்றுமில்லை என்பது அவளுக்குத் தெரியும். எதனால் வலிக்கிறது என்பதும் தெரியும்.

ஜெயப்ரியாவுக்கு மண்ணோடு வேலை. கூடுவாஞ்சேரியில் பர்னிச்சர் கடைக்கு மேல் மாடியில் ஒரு சின்ன கம்பெனி. ஒரே வயலாக இருந்தாலும் மண் எல்லா இடத்திலும் ஒன்று போல இருக்காது. ஒரு மூலை சத்தாக இருக்கும், இன்னொரு மூலை உப்பாக இருக்கும். வயலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்குக் கட்டம் மண் எடுத்து, பரிசோதித்து, நல்ல இடத்துக்குப் பச்சை, சுமாருக்கு மஞ்சள், மோசத்துக்குச் சிவப்பு என்று நிறம் போட்டு ஒரு வரைபடம் கொடுப்பார்கள். அதைப் பார்த்து உரம், தண்ணீர், விதை எல்லாவற்றையும் இடத்துக்குத் தகுந்தபடி போட வேண்டும். துல்லியப் பண்ணையம் என்று பெயர். விவசாயிகள் மோர் கொடுத்து உட்கார வைத்துக் கேட்டுவிட்டு, "பாக்கலாம்மா" என்று அனுப்பிவிடுவார்கள். யாராவது ஒருவர் நிலத்தில் செய்து காட்டாமல் இது நகராது என்று மேனேஜர் சொன்னபோது, ஜெயப்ரியா தானாகத்தான் கையைத் தூக்கினாள்.

"எங்க அப்பா நிலமே இருக்கு சார்."

அகரம்தென் தாண்டி, ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. மூன்று பக்கமும் மனை போட்டுக் கல் நட்டுவிட்டார்கள். இந்த ஒரு துண்டில்தான் இன்னும் கீரை. சிறுகீரை, அரைக்கீரை, தண்டுக்கீரை என்று மாற்றி மாற்றிப் போட்டு, விடியும் முன்னே தாம்பரம் மார்க்கெட்டுக்குக் கட்டு ஏற்றிவிடுவார் துலுக்காணம்.

பங்குனி வெயிலில் ஜெயப்ரியாவும் அவளோடு வேலை செய்கிற மெர்வினும் மண் எடுத்தார்கள். மேலே கிடக்கிற சருகை ஒதுக்கிவிட்டு, மண்வெட்டியால் ஆப்பு மாதிரி வெட்டி, பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகச் சுரண்டி எடுக்க வேண்டும். வரப்போரம் எடுக்கக்கூடாது. மர நிழலில் எடுக்கக்கூடாது. குப்பை கொட்டின இடத்தில் எடுக்கவே கூடாது, எடுத்தால் கணக்கு பொய்யாகும்.

"அக்கா, இவ்ளோ கட்டம் போட்டா உங்கப்பாவுக்கு கீர போட எடம் இருக்காது," என்றான் மெர்வின்.

"நீ பையைப் புடி, பேசாம."

ஈசானி மூலைக்கு வந்ததும் மண்வெட்டி வழுக்கிக்கொண்டு இறங்கியது. மண் கறுப்பாக, காபித்தூள் போலப் பொலபொலவென்று இருந்தது. ஜெயப்ரியா நிமிர்ந்தாள்.

"அப்பா, இங்க முன்னாடி ஏதாவது இருந்துதா? குப்பை கிப்பை கொட்டினீங்களா?"

துலுக்காணம் களைக்கொட்டின் காம்பைத் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தார். "ஞாபகம் இல்லம்மா. அது எப்பவுமே அப்டித்தான்."

அடுத்த பாத்தியில் கீரை பிடுங்கிக்கொண்டிருந்த எல்லம்மாதான் தலையைத் தூக்கினாள். "இன்னா ஞாபகம் இல்ல? உங்கம்மா மாடு கட்டினு இருந்த கொட்டா அங்கதான இருந்திச்சு? நான் கண்ணாலம் ஆகி வந்தப்போகூட கீத்து கெடந்திச்சே."

"சரி, வுடு," என்றார் துலுக்காணம்.

பழைய மாட்டுக் கொட்டகை என்று ஜெயப்ரியா போனில் குறித்துக்கொண்டாள். அப்பா "சரி, வுடு" என்று சொன்னதைக் குறித்துக்கொள்ளவில்லை.

வரைபடம் அழகாக வந்தது. ஈசானி மூலை அடர்பச்சை. நடுவில் மஞ்சள். வயலோரச் சந்துப் பக்கம் ஒரு பாத்தி அகலத்துக்கு ரத்தச் சிவப்பு, அது உவர் பிடித்த இடம். மேலே வெள்ளையாகப் பூத்து, காலால் தட்டினால் ஓடு போலச் சத்தம் கொடுக்கும். பச்சை மூலையைப் பார்க்கப் பார்க்க ஜெயப்ரியாவுக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் அது அத்தையின் மூலை.

ரேணுகாம்பாளுக்குக் கைராசி என்று அந்தப் பக்கமெல்லாம் பேச்சு. ஆடியில் முதல் விதை அவள்தான் போட வேண்டும். கேம்ப் ரோட்டில் ஷேர் ஆட்டோ மாறி வந்து இறங்குவாள். கால் அலம்பிக்கொண்டு, முந்தானையை இடுப்பில் செருகி, மணல் கலந்த விதையை ஒரு கையில் வாரிக்கொண்டு ஈசானி மூலைக்குப் போவாள். மணிக்கட்டை ஒரு சுழற்று சுழற்றி வீசினால், பாத்தி முழுக்க மாவு சலித்த மாதிரி ஒரே சீராக விழும். அந்தப் பாத்தி முளைத்து நிற்கிற அழகைப் பார்க்கிறவர்கள், ரேணு கைராசி, ரேணு கைராசி என்பார்கள். துலுக்காணம் அவளுக்குப் புடவை எடுத்துக் கொடுப்பார். எல்லம்மா கூழும் கருவாட்டுக் குழம்பும் வைப்பாள். கீரை அறுப்புக்கு வந்ததும் மறுபடி ஒரு நாள் வந்து, தான் போட்ட பாத்தியில் முதல் கட்டு பிடுங்கித் துலுக்காணத்தம்மன் கோயிலில் வைத்துவிட்டுப் போவாள். வருஷத்தில் அவளுக்குப் பிறந்த வீட்டில் இந்த இரண்டு நாள்தான்.

வைகாசியில் வயலிலேயே விளக்கக் கூட்டம் வைத்தார்கள். மோட்டார் கொட்டகை நிழலில் நாற்காலி போட்டு, வரைபடத்தைப் பெரிய ஃபிளெக்ஸாக அடித்துச் சுவரில் மாட்டியிருந்தார்கள். சுற்றுவட்டாரத்தில் மிச்சம் இருக்கிற விவசாயிகள் வந்திருந்தார்கள். அண்ணன் மகள் மைக் பிடித்துப் பேசப்போகிறாள் என்று அத்தையும் ஒரு தூக்கு நிறைய சுண்டலோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

கார அமில நிலை, அங்ககக் கரிமம் என்று ஜெயப்ரியா சொல்லச் சொல்ல, கூட்டம் கொட்டாவி விட்டது. ஒருவர் எழுந்து போய் பீடி பற்ற வைத்தார். கையை விட்டுப் போகிறதே என்று அவளுக்குப் பதற்றம். அப்போதுதான் அது வாயில் வந்தது.

"எங்க அத்தைக்குக் கைராசின்னு உங்க எல்லாருக்கும் தெரியும். அவங்க போடற பாத்தி மட்டும் எப்படி அப்படி வருதுன்னு நானும் சின்ன வயசுலேர்ந்து யோசிப்பேன். இப்ப கண்டுபுடிச்சிட்டோம். அவங்க எப்பவும் நிக்கிற எடம் இதோ, இந்தப் பச்சை. இங்க மாட்டுக் கொட்டா இருந்துதாம். வருஷக்கணக்கா சாணியும் கோமியமும் எறங்கின மண்ணு. அங்க யார் கண்ண மூடிக்கிட்டுப் போட்டாலும் வரும்."

கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. பீடிக்காரர் திரும்பி வந்தார். பக்கத்து நிலத்துக்காரர் ஸ்ரீரங்கன் தொடையைத் தட்டிக்கொண்டு சொன்னார்.

"அப்ப ஆடிக்கு ஆடி பொடவைய மாட்டுக்கில்ல எடுத்துக் குடுத்திருக்கணும்? அநியாயமா ரேணுக்கா கட்டிக்கினாங்களே."

எல்லாரும் சிரித்தார்கள். மைக் கையில் இருந்ததால் ஜெயப்ரியாவின் சிரிப்புதான் பெரிதாகக் கேட்டது.

அத்தையும் சிரித்தாள். "மாட்டுக்குக் கொசுவம் வெச்சி கட்டத் தெரியாதுப்பா ஸ்ரீரங்கா. அதான் எனக்குக் குடுத்தாங்க."

அதற்கும் சிரிப்பு. அதற்கப்புறம் கூட்டம் கவனமாகக் கேட்டது. இரண்டு மூன்று பேர் தங்கள் நிலத்துக்கும் மண் எடுக்கச் சொல்லிப் பேர் கொடுத்தார்கள். அத்தை எல்லோருக்கும் சுண்டல் கொடுத்து, தூக்கைக் கழுவிக் கவிழ்த்து, சொல்லிக்கொண்டு புறப்பட்டாள். அன்றைக்குச் சிரிக்காத ஆள் துலுக்காணம் ஒருவர்தான். அவர் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒழுகாத கேட்வால்வைத் திருகிக்கொண்டிருந்தார்.

ஆடி பிறந்து அந்தப் போன் பேசி முடித்த அன்று சாயங்காலம், கீரைக் கட்டுக்கு வாழைநார் கிழித்துக்கொண்டிருந்த அப்பாவின் பக்கத்தில் போய் ஜெயப்ரியா உட்கார்ந்தாள்.

"அத்தைக்குக் கோவம்தானப்பா?"

"அவளுக்கா? அவளுக்குக் கோவப்படத் தெரிஞ்சிருந்தா நமக்கு இந்த நெலம் ஏது?"

"இன்னாப்பா சொல்றீங்க?"

துலுக்காணம் நாரை வாயில் கவ்வி இழுத்துக் கிழித்தார். அது முடிந்த பிறகுதான் பேசினார்.

"உங்க தாத்தா போனப்பறம் இதுல பாதி அவளுக்கு. மனை போடறவன் ஒருத்தன் வந்து, நீ தராங்காட்டி போ, உன் தங்கச்சி பங்க வாங்கிக்கறேன்னான். அவ வூட்டுக்காரருக்கும் ஆசதான். பாதி போனா இது இன்னாத்துக்கு ஆவும், சொல்லு. இவ யார்கிட்டயும் கேக்கல. ரிஜிஸ்தர் ஆபீஸுக்கு வந்து எம்பேருக்கு எழுதிக் குடுத்துட்டா. வெளிய வந்து பஸ்ஸுக்கு நிக்கசொல்ல கேட்டேன், ரேணு, உனக்கு இன்னா வேணும், வாயத் தொறந்து கேளுன்னு. ஆடிக்கு வெத போட மட்டும் என்ன கூப்டு, வேற ஒண்ணும் வாணாம்னா."

"அதனாலதான் கைராசியா?"

"ராசியாவது ஒண்ணாவது. எழுதிக் குடுத்தவள வருஷா வருஷம் வெத போடக் கூப்புடறான் பாரு, மனசு உறுத்துது போலன்னு நாலு பேர் பேசக்கூடாதில்ல? அவளுக்கும் தம்மாத்தூண்டு மரியாதையா இருக்கணுமில்ல? என் தங்கச்சிக்குக் கைராசி, அவ போட்டாதான் வெளங்குதுன்னு நான்தான் ஊரெல்லாம் சொல்லிக்கினு வந்தேன். அவளும் கரெக்டா போயி அந்த மூலைல நின்னுக்குவா. ஒருத்தருக்கொருத்தர் இதப் பத்திப் பேசினதே இல்ல."

"அன்னிக்கு நான் கேட்டப்ப, கொட்டா இருந்துதுன்னு தெரியும்தான? ஏன் ஞாபகம் இல்லன்னீங்க?"

"தெரியும்னா நீ எழுதிக்குவ," என்றார் அப்பா.

மறுநாள் அலுவலகம் முடிந்ததும் ஜெயப்ரியா செம்பாக்கம் போனாள். ஏரியை ஒட்டின தெருவில் அத்தை வீடு. மாமா ஜெயகிருஷ்ணன் டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா சயின்டிஸ்ட்டு. எங்க வூட்டு மண்ணையும் கொஞ்சம் பாரு. வெச்ச செம்பருத்தி பூக்கவே மாட்டுது."

"அவகிட்ட இன்னா வம்பு உங்களுக்கு," என்று அத்தை சமையல்கட்டிலிருந்து வந்தாள். சங்கரா மீனுக்குச் செதில் எடுத்த கை. நடையில் முட்டி வலிக்கு அடையாளமே இல்லை. ஜெயப்ரியா அதைப் பார்த்ததை அத்தையும் பார்த்தாள்.

அடுப்படியில் கீழே உட்கார்ந்து ஜெயப்ரியா ஆரம்பித்தாள். "அத்தை, அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக்கூடாது. சும்மா கூட்டம் தூங்குதேன்னு..."

"நல்லாத்தான பேசின. எனக்குப் பெருமையா இருந்திச்சு."

"அப்பா எல்லாம் சொன்னாரு."

அத்தை மீனைத் திருப்பிப் போட்டாள். "அந்த வாய வெச்சிக்கினு சும்மா இருக்க மாட்டானே அவன்."

"உங்களுக்குத் தெரியுமா அத்தை, அங்க கொட்டா இருந்தது?"

"எனக்குத் தெரியாம? தெனம் சாணி அள்ளினவளே நான்தானடி. அந்த மூலைல கல்ல நட்டாக்கூட துளுக்கும். தெரிஞ்சா இன்னா, ஊரு பூரா சொல்லிக்கினு திரியணுமா? உங்கப்பனுக்குத் தெரியும். உங்கம்மாவுக்குக்கூட அரையும் கொறையுமா தெரியும். யாராச்சும் சொன்னாங்களா?"

ஜெயப்ரியா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அழுவாத. நீ பொய் சொல்லல. மெய்யத்தான் சொன்ன. அதான் எனக்கு இப்ப அங்க போயி நிக்க முடியல. நான் கைய வீசினா ஸ்ரீரங்கன் மாட்டப் பாப்பான்."

"எனக்காக வாங்க அத்தை. நீங்க வரலன்னா அப்பா வெதைக்க மாட்டாரு."

மாமா உள்ளே யாரோ அவுட் ஆனதற்கு நொந்துகொண்டார்.

"உன் மேப்புல செவப்பு எங்க கீது?" என்றாள் அத்தை திடீரென்று.

"சந்துப் பக்கம். ஏன்?"

"வரேன். ஆனா அந்தச் செவப்புலதான் போடுவேன்."

"அத்தை, அது உவரு. ஜிப்சம் போட்டு, தண்ணி கட்டி உப்ப வடிச்சு, ரெண்டு மூணு போகம் போனாதான் தேறும். இப்ப போட்டா வராது."

"ராசி இருந்தா வரட்டும். இல்லன்னா இல்ல. அதையும் பாத்துடலாம்." விளையாட்டாகச் சொன்னது மாதிரிதான் இருந்தது. ஆனால் அத்தையின் முகத்தில் ஒரு சின்ன ஆசையை ஜெயப்ரியா பார்த்துவிட்டாள். நாற்பது பேர் சிரித்த பிறகும், ஒருவேளை நிஜமாகவே தன் கையில் ஏதாவது இருக்குமோ என்கிற ஆசை.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். கால் அலம்பிக்கொண்டாள். துலுக்காணம் புடவைக் கவரை நீட்டினார்.

"மாட்டுக்கு எடுத்துட்டியாண்ணே?" என்று கேட்டுவிட்டு, அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவளே அவர் தோளைத் தட்டினாள். "தமாசுக்குச் சொன்னேன். இப்ப வாணாம். மொளைச்சி வரட்டும், கீர புடுங்க வரசொல்ல வாங்கிக்கறேன்."

எல்லம்மா கவரை வாங்கி பீரோவில் வைத்தாள்.

சிவப்புப் பாத்தியில் நின்று அத்தை வீசினாள். அதே சுழற்று, அதே சீர். மணலும் விதையுமாக வெள்ளைப் பூத்த மண்மேல் விழுந்தது. வரப்பில் நின்று பார்த்த மெர்வின், "அக்கா, மெஷின்கூட இப்படிப் போடாது," என்று முணுமுணுத்தான். மற்றப் பாத்திகளில் எல்லம்மாவும் கூலியாட்களும் வரைபடத்தில் சொன்ன அளவுப்படி போட்டார்கள். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு நன்றாக இருந்தது. அத்தை இரண்டு தரம் கூழ் வாங்கிக் குடித்தாள். போகும்போது ஒரு தடவை திரும்பி அந்தப் பாத்தியைப் பார்த்துவிட்டுத்தான் ஆட்டோ ஏறினாள்.

ஈசானி மூலை முதலில் முளைத்தது. அப்புறம் மஞ்சள் இடங்கள். சிவப்புப் பாத்தியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைகாட்டி, வெயில் ஏறினதும் சுருண்டுவிட்டது. வரைபடத்தில் எந்த இடத்தில் சிவப்பு முடிகிறதோ, மிகச் சரியாக அந்த இடத்தில்தான் பசுமை ஆரம்பித்தது. கம்பெனியில் போட்டோவைப் பார்த்த மேனேஜர், "சூப்பர் ஜெயப்ரியா, இதைவிட ப்ரூஃப் வேணுமா?" என்றார். தன் வரைபடம் ஒரு பாத்தி அளவுக்குப் பொய்யாகிப் போகக்கூடாதா என்று அவள் நினைத்தது அவருக்கு எப்படித் தெரியும்.

செம்பாக்கத்திலிருந்து போன் வந்தது.

"இன்னாடி, மொளைச்சிச்சா?"

"மொளைக்குது அத்தை," என்று சொல்லிவிட்டாள்.

சொன்ன பிறகு சும்மா இருக்க முடியுமா? தினமும் அலுவலகம் போகும் முன் வயலுக்குப் போனாள். சிவப்புப் பாத்தியில் மேலோட்டு மண்ணைச் சுரண்டி எடுத்துச் சந்தில் கொட்டினாள். ஈசானி மூலையிலிருந்து கறுப்பு மண்ணைக் கூடை கூடையாகச் சுமந்து வந்து பரப்பினாள். மண்ணை மண்ணாக விட்டு அளக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற பெண், ஒரு மூலையைத் தோண்டி இன்னொரு மூலைக்குப் போட்டாள். அதன்மேல் மறுபடி விதைத்தாள். அப்பா மார்க்கெட்டிலிருந்து வருவதற்குள் முடிக்க வேண்டும் என்கிற அவசரம். விதையில் மணல் கலக்கக்கூட நிற்கவில்லை. தண்ணீரைக் கையாலேயே தெளித்தாள்.

இந்தத் தடவை வந்தது. செழிப்பாகவே வந்தது. துலுக்காணம் பார்த்தார். ஈசானி மூலையில் இருந்த பள்ளத்தையும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. எல்லம்மாவும் கேட்கவில்லை. அந்த வீட்டுக்கு அது பழக்கம்தானே.

ஆவணி பிறந்து அத்தை வந்தாள். நல்ல வெளிச்சமான காலை நேரம். கோயிலுக்கு எடுத்துப்போகத் துவைத்த மஞ்சப்பையை இடுக்கிக்கொண்டு நேராகச் சந்துப் பக்கம் நடந்தாள். பாத்தியைத் தூரத்தில் பார்த்ததும் அவள் நடை வேகமானதை ஜெயப்ரியா பார்த்தாள். கிட்டே போனதும் அந்த வேகம் நின்றதையும் பார்த்தாள்.

அத்தை குனிந்து கீரையின் தலைகளின் மேல் உள்ளங்கையால் தடவினாள். ஒரு இடத்தில் கொத்தாக நெருக்கிக்கொண்டு நின்றது. பக்கத்திலேயே ஒரு முழம் வெறும் தரை. அப்புறம் மறுபடி ஒரு கொத்து.

தன் நிலத்திலிருந்து ஸ்ரீரங்கன் வரப்பேறி வந்தார். அன்றைக்குச் சொன்ன கேலி அவருக்கும் உள்ளே உறுத்திக்கொண்டிருந்திருக்க வேண்டும். "இன்னா ரேணுக்கா, உவர்லயே கெளப்பிட்டீங்களே. மேப்பு தோத்துப் போச்சு. நான் சொன்னத மனசுல வெச்சிக்காதீங்க."

ஆமாம் என்று சொல்லிவிடுங்கள் அத்தை, என்று ஜெயப்ரியா மனதுக்குள் கெஞ்சினாள். அப்பா வால்வு பக்கம் போய்விட்டார். அம்மா கையில் புடவைக் கவரோடு வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அத்தை நிமிர்ந்தாள். முகம் நிறையச் சிரிப்பு.

"என் கை இல்லப்பா. நான் போட்டா இப்டியா கொத்து கொத்தா வுழும்? இது மணலு கலக்காம, பயந்துகினு போட்ட கை. எங்க பிரியா கை. அந்த உவர்லயே கெளப்பிச்சே பாரு. இனிமே உங்க எல்லார் நெலத்துக்கும் அதையே கூப்புடுங்க."

"அப்டியாம்மா," என்று ஸ்ரீரங்கன் ஜெயப்ரியாவை மரியாதையாகப் பார்த்தார். அந்த மரியாதையை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அத்தை ஒரு கட்டு பிடுங்கி மஞ்சப்பையில் போட்டுக்கொண்டாள். புடவைக் கவரை எல்லம்மா நீட்டியபோது, "பீரோல இருக்கட்டும் அண்ணி," என்றாள். ஆட்டோ வரைக்கும் ஜெயப்ரியா கூடவே நடந்தாள்.

"ஏன் அத்தை அப்படிச் சொன்னீங்க? அப்பாகிட்டகூட நான் சொல்லல."

"உங்கப்பன் சொன்னது பொய்யி. நான் அங்க போயி நின்னதும் பொய்யி. எங்க ரெண்டு பேத்துக்குள்ள அது பொய்யாவே இல்ல. நீ எனக்காக இம்மாம் மண்ணு சொமந்துகீற, எனக்குத் தெரியாதா? ஆனா நீ வெளக்கிச் சொல்லிட்டவ. ஒருதபா சொன்னத திரும்ப மூட முடியுமா, சொல்லு."

"அடுத்த ஆடிக்கு..."

"முட்டி எப்டி இருக்குதோ, பாக்கலாம்," என்று சொல்லி ஏறிக்கொண்டாள்.

அந்த வருஷம் கம்பெனி நன்றாகப் போனது. அகரம்தென்னிலும் மாடம்பாக்கத்திலும் நிறைய நிலங்களுக்கு வரைபடம் போட்டார்கள். மண் எடுக்கப் போகிற இடங்களில் நன்றாக விளைகிற ஒரு மூலை வந்தால், முன்னே இங்கே என்ன இருந்தது என்று ஜெயப்ரியா இப்போதும் கேட்கத்தான் வேண்டியிருந்தது, அது வேலை. யாராவது "ஞாபகம் இல்லம்மா" என்றால் மட்டும், மெர்வின் வாயைத் திறக்கும் முன் அவன் முழங்கையைத் தட்டி அடுத்த கட்டத்துக்கு நகர்ந்துவிடுவாள்.

மறுபடி ஆடி பிறந்தது. துலுக்காணம் பாத்தி கட்டி முடித்துக் கிணற்று மேட்டில் ஏறி நின்றார். போனை எடுத்தார். கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலேயே போட்டுவிட்டு, வாசலில் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்த மகளைக் கூப்பிட்டார்.

"பிரியா, மொத ஞாயித்துக்கெழம போட்டுடலாமா?"

அதற்குச் சொல்ல வேண்டிய பதில் அவளுக்குச் சின்ன வயசிலிருந்து மனப்பாடம். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சந்துப் பக்கம் பார்த்தாள்.

"இன்னா, ரெண்டு பேரும் பேச்சக் காணோம்?" என்று உள்ளே இருந்து எல்லம்மா கேட்டாள். "கொழம்புக்கு இன்னா கருவாடு வாங்கட்டும்?"